மரத்தில் பெயர் வரவில்லையா? நிரலாக்கம் தெரியாமல் மருத்துவ ஒன்ரோலஜி கட்டுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஒரு வரி நிரல்கூட எழுதாமல், வலை உலாவியிலேயே மருத்துவ ஒன்ரோலஜி கட்டலாம். ஒன்ரோலஜி என்பது ஒரு துறையின் சொற்களையும் அவற்றுக்கிடையிலான உறவுகளையும் கணினிக்கு விளங்கும்படி மரம்போல அடுக்கிய தொகுப்பு. வெப்புரோட்டெஜே அதற்கென்றே ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் கருவி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பகுப்பைப் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து எழுதியபோது பயன்பட்ட ஐகாட் என்ற கருவியும் இதைத் தழுவி அமைத்ததுதான். அவ்வளவு பெரிய வேலையைத் தாங்கியது உங்கள் இருநூறு சொல்லில் தடுக்கி விழுகிறதென்றால், பெரும்பாலும் பிழை இரண்டு இடத்தில் ஒன்றில் இருக்கும்: அமைப்புகளில், அல்லது நீங்கள் வைத்த பெயரில்.

கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் ஒரே வேலையிலிருந்து எடுத்தவை. வன்னி ஆஸ்பத்திரிகளில் வாட்டு நோயாளிகளின் பதிவான பிஎச்ரி தாள்களிலும் கிளினிக் கொப்பிகளிலும் வருகிற பாம்புக்கடிச் சொற்களுக்கு ஒரு சிறு ஒன்ரோலஜி. முன்கூட்டியே மூன்றைப் பிரித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். வகை என்பது நாம் குறிக்க வரும் பொருள். அடையாள எண் என்பது அந்தப் பொருளுக்கு ஒருமுறை கொடுத்து என்றும் மாற்றாத முகவரி. லேபல் என்பது நாம் வாசிக்கிற பெயர். ஒன்ரோலஜியில் வரும் குழப்பங்களில் அநேகமானவை இந்த மூன்றையும் ஒன்றென்று எண்ணுவதால் வருபவை.

அறிகுறி: மரத்தில் பெயருக்குப் பதிலாக ஆர் எழுத்தில் தொடங்கும் நீண்ட கோவை தெரிகிறது

தரவு எங்கேயும் போகவில்லை. நீங்கள் லேபலைத் தமிழில் கொடுத்திருக்கிறீர்கள். திட்டமோ ஆங்கில லேபலை மட்டும் காட்டும்படி அமைந்திருக்கிறது. ஆங்கில லேபல் இல்லாததால் கருவி அடையாள எண்ணையே காட்டுகிறது.

வகையைத் திறந்து லேபல் வரியின் வலப்பக்கத்தில் உள்ள மொழிப் பெட்டியைப் பாருங்கள். அங்கே தமிழுக்குரிய ஈரெழுத்துக் குறியான டீ-ஏ இருக்கவேண்டும். வெறுமையாக இருந்தாலும், 'தமிழ்' என்று முழுச்சொல் எழுதியிருந்தாலும் கருவி அதைத் தமிழென்று அறியாது. பிறகு திட்ட 'செற்றிங்ஸ்' பகுதிக்குப் போய், காட்சிப் பெயர் மொழிகளில் தமிழை முதலாவதாகவும் ஆங்கிலத்தை இரண்டாவதாகவும் சேருங்கள். முதல் மொழியில் பெயர் இல்லாத வகைக்கு அடுத்த மொழிப் பெயர் வரும்.

அதே பக்கத்தில் புதிய வகைகளுக்கான அடையாள எண் எப்படி உருவாகவேண்டும் என்ற அமைப்பும் உண்டு. 'பெயரிலிருந்தே எண்ணை ஆக்கு' என்ற தெரிவை எடுக்காதீர்கள். இன்றைக்கு 'பாம்பு கடி' என்று எழுதி, நாளைக்கு ஒற்றுப் போட்டுப் 'பாம்புக்கடி' என்று திருத்துவீர்கள். லேபல் திருந்தும், முகவரியில் பழைய பிழை நின்றுவிடும். உயிரியல், மருத்துவ ஒன்ரோலஜிகள் பின்பற்றும் ஓபிஓ முறைப்படி 7 இலக்க எண்ணைத் தெரிவுசெய்து, வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தனி எண் வீச்சு ஒதுக்குங்கள். இதை முதல் வகையை ஆக்குமுன் செய்யவேண்டும். இந்த அமைப்பு புதிதாக உருவாகும் வகைகளுக்கு மட்டும்தான். முன்னே ஆக்கியவற்றின் எண்ணை அது மாற்றாது.

அறிகுறி: ஒட்டிய தமிழ் குப்பையாகத் தெரிகிறது

குப்பை எந்த மாதிரி என்பதைப் பொறுத்து மருந்து வேறு.

ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து வந்தால் மூலக் கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டியது. நம்முடைய அலுவலகங்களில் பழைய கோப்புகள் இன்னும் அப்படித்தான் கிடக்கின்றன. வேர்டில் பார்க்கத் தமிழாக இருக்கும். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. எழுத்துருவை மாற்றினால் சரிவராது, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போடவேண்டும். போடுமுன் ஆங்கில மருந்துப் பெயர்களையும் அளவுகளையும் வேறு நெடுவரிசைக்கு எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாற்றும் கருவி அவற்றையும் தமிழென்று நினைத்து உருத்தெரியாமல் ஆக்கிவிடும். மாற்றிய பிறகு கொம்பு வருகிற எழுத்துகளை, அதாவது கெ, கே, கை, கொ, கோ, கௌ வரிசையை, கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சிதறினால் முதலில் சிதறுவது கொம்புதான்.

தலையில் கோடிட்ட ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் திரும்பத் திரும்ப வந்தால், கோப்பு சரியான யூனிகோட், திறந்த விதம் பிழை. சிஎஸ்வி கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், 'டேட்டா' பட்டியலிலிருந்து உரைக்கோப்பாக உள்ளெடுத்து, 'பைல் ஒரிஜின்' என்ற இடத்தில் 65001 யூடிஎப்-8 என்று தெரிவுசெய்யுங்கள்.

வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் அந்தக் கோப்பைக் கைவிடுங்கள். சேமித்த நேரத்திலேயே எழுத்து அழிந்துவிட்டது, எந்தக் கருவியும் மீட்காது. மூல எக்செல் கோப்புக்குத் திரும்பிப் போய், சேமிக்கும் கோப்பு வகைகளில் சாதாரண சிஎஸ்வியை விட்டு 'சிஎஸ்வி யூடிஎப்-8' என்பதை எடுங்கள்.

அறிகுறி: கண்முன்னே இருக்கும் சொல் தேடலில் வரவில்லை, ஒரே பெயரில் இரண்டு வகைகள் தோன்றுகின்றன

இது தமிழுக்கே உரிய தொல்லை. 'கொப்புளம்' என்பதன் முதலெழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக ஒரு விதம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று தனித்தனியாக இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், தேடல் மட்டும் வேறு வேறென்று சொல்லும். ஒருவர் கணினியிலும் மற்றவர் போனிலும் தட்டிய பட்டியல்களைச் சேர்க்கும்போது இதைச் சந்தேகியுங்கள்.

கூகுள் ஷீற்ஸில் சோதிக்கலாம். ஒரு கட்டத்தில் 'கொ' மட்டும் இருக்க, பக்கத்துக் கட்டத்தில் நீளம் எண்ணும் லென் சூத்திரத்தைப் போடுங்கள். 2 வந்தால் சேர்ந்த குறி, 3 வந்தால் பிரிந்த குறி. பிரிந்ததைச் சேர்ந்ததாக மாற்ற சப்ஸ்ரிரியூட் சூத்திரம் போதும். ஒகரத்துக்கு ஒருமுறை, ஓகாரத்துக்கு ஒருமுறை.

ஔகாரத்தில் மட்டும் கை வைக்குமுன் யோசியுங்கள். 'கௌ' என்பதைப் பலர் கொம்பு போட்டு, ககரம் போட்டு, ளகரம் போட்டு எழுதிவிடுகிறார்கள். அதைத் திருத்தப்போய் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் 'கெளிறு முள் குத்தியது' என்ற பதிவில் உள்ள கெளிறும் சேர்ந்து கெடும். அங்கே ளகரம் உண்மையான எழுத்து. குளத்தில் மீன்பிடிக்கிறவர்களின் காயப் பதிவுகளில் அந்தச் சொல் வரத்தான் செய்யும். ஆகவே ஔகாரத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.

கால் குறியும் ரகரமும் மாறித் தட்டுப்படுவதும், சொல்லின் பின்னால் ஒட்டிய வெற்றிடமும் இதே அறிகுறியைத் தரும். வெற்றிடத்துக்கு ட்ரிம் சூத்திரம் போடுங்கள். கால், ரகரம் மாறிய சொல்லைத் தேடி ஆராய்வதைவிட அழித்துவிட்டுத் திரும்பத் தட்டுவது விரைவு.

சொற்பட்டியலைச் சுத்தம்செய்த பிறகே வெப்புரோட்டெஜேயில் ஒட்டவேண்டும். வகை ஆக்கும் பெட்டியில் வரிக்கு ஒரு பெயராக ஒட்டினால் எல்லாம் ஒரே தடவையில் தனித்தனி வகைகளாக வரும். காற்புள்ளியால் பிரித்து ஒரே வரியில் ஒட்டினால் நீளப் பெயருள்ள ஒற்றை வகைதான் மிஞ்சும்.

அறிகுறி: நேற்று எழுதியது இன்று இல்லை

வெப்புரோட்டெஜேயில் சேமிக்கும் பொத்தான் கிடையாது. ஒவ்வொரு மாற்றமும் அந்தந்த நேரத்திலேயே சேவருக்குப் போகும். இணைப்பு அறுந்திருந்தால் போகாது. மாரியில் கரண்ட் நின்று ரவுட்டர் அணைந்தாலும், டொங்கிளில் டேட்டா முடிந்தாலும், பக்கம் திறந்தபடி திரையில் நிற்கும். நீங்கள் எழுதிக்கொண்டே போவீர்கள், ஒன்றும் பதிவாகாது.

எழுதிய புலத்துக்கு வெளியே ஒருமுறை சொடுக்கி, 'ஹிஸ்ரி' தாவலில் அந்த மாற்றம் ஒரு வரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் எழுதியதை நோட்பாடில் பிரதி எடுத்துவிட்டுப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். இணைப்பு மோசமான இடங்களில் சொல்லையும் வரைவிலக்கணத்தையும் விரிதாளில் எழுதி வைத்து, சிக்னல் நன்றாக உள்ள நேரத்தில் ஏற்றுவதே நல்லது.

ஹிஸ்ரியில் மாற்றம் இருக்கிறது, வகையில் இல்லை என்றால், வேறு யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார். யார், எப்போது என்பது அதே பட்டியலில் தெரியும். குறித்த மாற்றத்தை மட்டும் திருப்பவும், அந்தக் கட்டத்தில் இருந்த முழு ஒன்ரோலஜியை இறக்கவும் ஒவ்வொரு மாற்றத்தின் பக்கத்திலும் தெரிவுகள் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பிரதியை இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள்.

அறிகுறி: கூட்டாளிக்குத் திட்டம் திறக்கவில்லை, அல்லது திறக்கிறது, எழுத விடவில்லை

அவருக்குத் தனிக் கணக்கு வேண்டும். 'ஷெயார்' பகுதியில் அவருடைய பயனர் பெயரை எழுத்துப் பிசகாமல் சேர்த்து, பார்வை, கருத்து, திருத்தம், நிர்வாகம் என்ற நான்கு உரிமைகளில் ஒன்றைக் கொடுங்கள். மருத்துவருக்குக் கருத்து உரிமை போதும். அவர் வகைக்குக் கீழே குறிப்பு எழுதுவார், நீங்கள் திருத்துவீர்கள். இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற தெரிவைத் திறந்து வைக்கிறீர்களானால், உதாரணத்துக்கென்றுகூட நோயாளியின் பெயரோ பிஎச்ரி இலக்கமோ குறிப்புகளில் வரக்கூடாது. ஒன்ரோலஜியில் 'பாம்புக்கடி' இருக்கலாம். நேற்று வாட்டில் சேர்ந்தவர் இருக்கக்கூடாது.

அறிகுறி: வகை சிவப்பாகிறது, அல்லது எல்லாம் சரிபோலத் தெரிந்தும் எண்ணிக்கை பிழைக்கிறது

வெப்புரோட்டெஜேக்குள் தருக்கத்தைச் சோதிக்கும் ரீசனர் இல்லை. முரண்பாடு இருந்தாலும் அது வாய் திறக்காது. திட்டத்தை இறக்கி, சுருங்கி வரும் ஸிப் கோப்பை விரித்து, கணினியில் நிறுவும் புரோட்டெஜே 5 இல் திறவுங்கள். 'ரீசனர்' பட்டியலில் ஹெர்மிற்றைத் தெரிந்து ஓடவிடுங்கள். ஊகித்த மரத்தில் 'நத்திங்' என்பதன் கீழ் சிவப்பில் நிற்கும் வகைகளே நோயாளிகள். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தினால் காரணம் வரி வரியாக வரும். இதற்கும் நிரலாக்கம் தேவையில்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும்.

வன்னிப் பட்டியலில் அநேகமாக முதலில் சிவக்கிறது கட்டுவிரியன்தான். காரணம் இப்படி வரும். கட்டுவிரியன் ஒரு விரியன். விரியன் வைப்பரிடே குடும்பம். கட்டுவிரியன் எலாப்பிடே குடும்பம். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான உறுப்பினர் இல்லை. நாலு வரியும் சேர்ந்தால் அப்படி ஒரு பாம்பு இருக்கவே முடியாது.

பிழை ரீசனரில் இல்லை. நம்முடைய பேச்சில் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் மூன்றும் விரியன். உயிரியலில் முதல் இரண்டும் வைப்பரிடே. கட்டுவிரியனோ நாகத்தின் குடும்பம். பெயரை வைத்து மரம் கட்டினால் நரம்பைத் தாக்கும் கட்டுவிரியன், இரத்தம் உறைவதைக் குலைக்கும் பாம்புகளோடு போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு குடும்பமும் பொதுவற்றவை என்ற வரியை நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் சிவப்பும் வராது. கட்டுவிரியன் கடிகள் சத்தமில்லாமல் விரியன் கடிக் கணக்கில் ஏறிவிடும். சிவப்பைவிட இதற்குத்தான் பயப்படவேண்டும். ஆகவே புரோட்டெஜேயில் இரண்டு குடும்பங்களையும் 'டிஸ்ஜொயின்ட்' என்று முதலிலேயே எழுதிவையுங்கள்.

திருத்தும் விதம் இது. 'விரியன்' என்ற வகையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பாம்புக்கும் விஞ்ஞானப் பெயரோடு ஒரு வகை, அதற்குத் தமிழ் லேபல். கட்டுவிரியனுக்கு 'எட்டடி விரியன்' என்பதை நிகர்ச்சொல்லாகச் சேருங்கள். வெறும் 'விரியன்' என்பதை மூன்று பாம்புக்கும் அகன்ற சொல்லாக, ஓபிஓ முறையில் 'ஹாஸ் புரோட் சினொனிம்' என்ற பண்பில், சேருங்கள். 'விரியன் கடித்தது' என்று மட்டும் எழுதிய பிஎச்ரி தாளை மேலேயுள்ள 'பாம்புக்கடி' வகையில் குறியுங்கள். 'இனம் தெரியாத பாம்பு' என்றோ 'மற்றவை' என்றோ வகை ஆக்காதீர்கள். நமக்குத் தெரியாதது என்பது பாம்பின் இனம் அல்ல.

இரண்டாவது சிவப்பு 'மட்டும்' என்ற சொல்லால் வரும். 'கண்ணாடி விரியன் கடி இரத்த உறைவுக் குலைவை மட்டும் உண்டாக்கும்' என்று ஒருவர் எழுதியிருப்பார். இலங்கையில் கண்ணாடி விரியன் கடித்தவருக்கு 20 நிமிட உறைவுச் சோதனையில் இரத்தம் உறையாமல் இருப்பதோடு கண்மடல் சொருகலும் வருவதுண்டு. இரண்டு அறிகுறிகளையும் 'டிஸ்ஜொயின்ட்' என்று எழுதியிருந்தால், அதைச் சேர்த்து ரீசனரை ஓட்டிய கணமே வகை சிவக்கும். புரோட்டெஜேயில் 'ஒன்லி' என்பதை, 'ஒன்றையாவது' என்று பொருள்படும் 'சம்' என்று மாற்றுங்கள். வெப்புரோட்டெஜேயில் 'ரிலேஷன்ஷிப்ஸ்' பகுதியில் நிரப்பும் வரிகள் 'சம்' என்ற பொருளிலேயே பதிவாகும். மருத்துவத்தில் 'மட்டும்' என்று துணிந்து எழுதக்கூடிய இடம் மிகக் குறைவு.

சிவக்காத பிழை ஒன்றும் உண்டு. கண்மடல் சொருகலைக் கட்டுவிரியன் கடியின் கீழ் கிளையாக வைத்திருப்பது. சோதனை எளிது: 'ஒவ்வொரு கண்மடல் சொருகலும் ஒரு பாம்புக்கடிதானா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை. அது கடியின் வகை அல்ல, கடியால் வருவது. 'பேரன்ட்ஸ்' பகுதியில் கடியை நீக்கி, அறிகுறிகளின் கீழ் கொண்டுபோய் வைத்து, கடியிலிருந்து ஓர் உறவு வரியால் இணையுங்கள். மரத்தில் ஒவ்வொரு கிளைக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தால் ஒரு பின்னேரத்தில் பாதி மரம் திருந்திவிடும்.

அறிகுறி: பெரிய ஒன்ரோலஜியை உள்ளெடுக்கும்போது பதிவேற்றம் பாதியில் நிற்கிறது

நாலு பாம்பின் பெயருக்காக உலகத்து உயிரினங்கள் அனைத்தின் பகுப்பையும் ஏற்ற வேண்டாம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஒன்ரோபொக்ஸ் என்ற வலைப்பக்கம் தேவையான சொற்களை மட்டும் வெட்டித் தரும். மூல ஒன்ரோலஜியைத் தெரிவுசெய்து, வேண்டிய சொற்களின் முகவரிகளைக் கீழ்ப்பெட்டியிலும், எந்த மட்டத்தோடு நிறுத்தவேண்டுமோ அந்தச் சொல்லை மேற்பெட்டியிலும் கொடுங்கள். இடையிலுள்ள படிகள் எல்லாம் வேண்டுமா, கிளை பிரியும் படிகள் மட்டும் போதுமா, ஒன்றும் வேண்டாமா என்று கேட்கும். பாம்புகளுக்கு இரண்டாவது தெரிவு பொருத்தம். லேபலையும் சேர்த்து எடுக்கச் சொல்ல மறந்தால் வெறும் எண்கள் வந்து சேரும், முதல் அறிகுறிக்கே திரும்பிப் போய்விடுவீர்கள்.

அறிகுறி: பயோபோர்ட்டலின் அனொட்டேட்டர் தமிழ்க் குறிப்பில் ஒன்றையும் பிடிக்கவில்லை

பயோபோர்ட்டல் என்பது மருத்துவ ஒன்ரோலஜிகளை ஏற்றிப் பகிரும் வலைத்தளம். அதன் அனொட்டேட்டர், நீங்கள் ஒட்டும் உரையை அங்கே ஏற்றிய ஒன்ரோலஜிகளின் லேபல்களோடும் நிகர்ச்சொற்களோடும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும், பொருளை விளங்கிக்கொள்ளாது. கிளினிக் கொப்பியில் 'சத்தி' என்று இருந்து உங்கள் ஒன்ரோலஜியில் 'வாந்தி' மட்டும் இருந்தால் பிடிக்காது. 'தலையிடி', 'தடிமன்', 'முட்டு', 'சீனி வருத்தம்', 'சலரோகம்', 'வயிற்றோட்டம்' எல்லாம் சனங்கள் சொல்லுகிற சொற்கள். தாதிமாரும் அப்படியே எழுதுகிறார்கள். புத்தகச் சொல்லை லேபலாக வைத்து, இவற்றை ஒன்றும் விடாமல் நிகர்ச்சொற்களாகச் சேருங்கள். 'முட்டு' மட்டும் கவனம். மூச்சு முட்டுகிற எல்லாவற்றுக்கும் அதைச் சொல்வார்கள், ஆகவே ஆஸ்துமாவுக்கு அது நிகரான சொல்லல்ல, அகன்ற சொல்.

சொல் இருந்தும் பிடிக்காவிட்டால் வேற்றுமை உருபைப் பாருங்கள். 'காய்ச்சலால்', 'சத்தியோடு' என்று உருபு ஒட்டிய சொல் 'காய்ச்சல்', 'சத்தி' என்பவற்றோடு பொருந்தாது. அதற்காக உருபு ஒட்டிய வடிவங்களை எல்லாம் ஒன்ரோலஜியில் கொட்டாதீர்கள். பிறகு நிகர்ச்சொல் எது, இலக்கண வடிவம் எது என்று பிரிக்க முடியாமல் போகும். விரிதாளில் குறிப்பின் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை போட்டு, அடிச்சொற்களை மட்டும் எழுதி, அந்த நெடுவரிசையையே அனொட்டேட்டரில் ஒட்டுங்கள்.

அறிகுறி: நீக்கிய சொல்லைத் தேடி மற்றவர்கள் வருகிறார்கள்

வெளியிட்ட வகையை அழிக்கக்கூடாது. லேபலின் முன்னால் 'ஒப்சலீற்' என்று சேர்த்து, 'டெப்ரிகேற்றட்' பண்பை உண்மை என்று வைத்து, அதற்குப் பதிலான சொல்லின் முகவரியைக் குறிப்பாகக் கொடுங்கள். அந்த எண்ணை இனி வேறொன்றுக்கும் கொடுக்கவேண்டாம்.

அறிகுறி: பயோபோர்ட்டல் கோப்பை ஏற்கிறது, ஆனால் வகைகளைக் காட்டவில்லை

பதிவேற்றம் முடிந்தது என்பதும் வாசித்து முடிந்தது என்பதும் வேறு. உங்கள் ஒன்ரோலஜிப் பக்கத்தில் நிலை என்ன என்று பாருங்கள். ஏற்றியது மட்டும் தெரிந்தால் சற்றுப் பொறுத்திருங்கள். பிழை என்று இருந்தால் முதலில் இறக்குமதி வரிகளைச் சந்தேகியுங்கள். உங்கள் கோப்பு உள்ளெடுக்கும் இன்னொரு கோப்பு உங்கள் கணினியில் மட்டும் இருக்கிறது. அதற்கு வலை முகவரி இல்லை. பயோபோர்ட்டல் தேடியும் அதைக் காணாது. புரோட்டெஜேயில் இரண்டையும் திறந்து, 'ரீபக்டர்' பட்டியலில் ஒன்றாக இணைக்கும் தெரிவை எடுத்து, புதிய கோப்பாக ஆர்டிஎப் எக்ஸ்எம்எல் வடிவில் சேமியுங்கள். சேமித்ததை மூடி மீண்டும் திறந்து, இறக்குமதிப் பட்டியல் வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஹெர்மிற்றை இன்னொரு தடவை ஓட்டுங்கள், இணைத்த பிறகு புதிதாகச் சிவப்பு வருவதுண்டு. சிவப்பு ஒன்றும் இல்லையென்றால் ஏற்றலாம்.